மேக்ரூன் டீச்சர்

சந்தனச்செல்வி டீச்சருக்குக் கணக்கு வராது. இதை வேறு யாரும் சொல்லவில்லை, அவளேதான் சொன்னாள். அதுவும் பெற்றோர் கூட்டத்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு. முத்தையாபுரத்தில் வியாபாரிகள் சங்கம் நடத்துகிற மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் கணக்கு எடுக்கிற டீச்சர் இப்படிச் சொன்னால் பெற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்காதா? மேடையில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை மெட்டில்டா, "மாதாவே!" என்று முனகிக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டார்.

சொன்னது என்னவோ உண்மைதான். உடன்குடியில் கருப்பட்டி மண்டி வைத்திருந்த நயினாரின் மகள் அவள். சின்ன வயதிலிருந்தே எதைக் கொடுத்தாலும் உருப்போட்டுவிடுவாள். திருச்செந்தூரில் பி.எஸ்சி. கணிதம் படித்தபோது தேற்றங்களையெல்லாம் கமா, முற்றுப்புள்ளிகூடத் தப்பாமல் ஒப்பித்து முதல் வகுப்பில் தேறினாள். ஒரே ஒரு தடவை, புத்தகத்தில் ஏ.பி.சி. என்றிருந்த முக்கோணத்துக்கு எவனோ ஒரு புண்ணியவான் பி.க்யூ.ஆர். என்று பெயர் மாற்றிக் கேட்டுவிட்டான். அன்றைக்கு மட்டும் பரீட்சை அறையிலிருந்து அழுதுகொண்டே வெளியே வந்தாள். "நம்ம முக்கோணம் வரல்லப்பா" என்று வீட்டில் சொன்னதற்கு, யாரோ மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை என்று நினைத்து நயினார் ஆறுதல் சொன்னார்.

பிறகு பி.எட்., பிறகு கல்யாணம். மாப்பிள்ளை செந்தில்முருகனுக்குத் துறைமுகத்தில், ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. கண்டெய்னர், கஸ்டம்ஸ், லாரிக்காரர்களோடு சண்டை என்று அவன் பொழுது போகும். இவளுக்குச் சங்கத்துப் பள்ளியில் வேலை கிடைத்தது. தான் படித்த மாதிரியே பிள்ளைகளையும் ஒப்பிக்க வைத்தாள். பிள்ளைகளும் ஒப்பித்தார்கள். எட்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிற்று. முத்துக்கனி என்று ஒரு பெண் ஒன்பதாம் வகுப்புக்கு வந்து சேரும்வரைக்கும்.

முத்துக்கனியின் அப்பாவுக்கு முள்ளக்காட்டில் சின்னப் பலசரக்குக் கடை. பள்ளிக்கூடம் விட்டதும் இவள் கல்லாவில் உட்கார்ந்துவிடுவாள். பேரம் பேசிப் பேசி வாய் நன்றாக நீண்டிருந்தது. மெட்ரிக் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிடுவார்கள் அல்லவா? அப்படி ஒருநாள் கூம்பு நடந்துகொண்டிருந்தது. கூம்பின் கன அளவு, அதே வாயும் அதே உயரமும் உள்ள உருளையில் மூன்றில் ஒரு பங்கு என்று போர்டில் எழுதிக் கட்டம் கட்டினாள் டீச்சர். முத்துக்கனி எழுந்து நின்றாள்.

"டீச்சர், ஏன் மூணுல ஒண்ணு? ரெண்டரைல ஒண்ணுன்னு வச்சா என்ன கொறஞ்சா போவும்?"

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"புத்தகத்துல போட்டவருக்கு யாரு சொன்னா?"

"ஒக்காருட்டி மூதி. கடைல பேசுத மாதிரி இங்கனயும் பேரம் பேசாத."

வகுப்பு சிரித்தது. முத்துக்கனி உட்கார்ந்துவிட்டாள். டீச்சருக்குத்தான் உட்கார முடியவில்லை. அட, யார்தான் சொன்னார்கள்?

அன்று சாயங்காலம் செந்தில்முருகன் மேக்ரூன் வாங்கி வந்திருந்தான். தூத்துக்குடி மேக்ரூனுக்கு ஊர் உலகத்தில் பெயர் உண்டு, வடிவமும் கூம்புதான். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் நிறுத்தி வைத்துக்கொண்டு, தின்னாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, கூம்புக்கு ஏன் மூணுல ஒண்ணுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"கஸ்டம்ஸ்காரன்ட்ட தெனம் கையெழுத்து வாங்குதவன்கிட்ட ஏன்னு கேக்கியே. அந்தப் பழக்கமெல்லாம் எனக்கு விட்டுப்போச்சு."

அவள் எழுந்துபோய், பழைய கல்யாணப் பத்திரிகை இரண்டை எடுத்தாள். கெட்டி அட்டை. ஒன்றைக் கூம்பாகச் சுருட்டினாள். இன்னொன்றை அதே வாய், அதே உயரத்தில் உருளையாக்கி அடியில் அட்டை ஒட்டினாள். ரவை டப்பாவைத் திறந்து கூம்பில் நிரப்பி உருளையில் கொட்டினாள். மறுபடியும் கொட்டினாள். மூன்றாவது தடவை கொட்டியபோது ரவை விளிம்பு வரைக்கும் வந்து, சொல்லிவைத்தாற்போல் நின்றது. அரிசியை எடுத்தாள், மூன்று. சீனியை எடுத்தாள், மூன்று. அடுப்படித் தரையெல்லாம் பலசரக்கு. நடுவில் உட்கார்ந்து சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் வேறு. எட்டு வருஷமாக இது மெய்யா பொய்யா என்றே தெரியாமல் ஊர்ப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரிதாக, இத்தனை வயதுக்கு மேல் ஒரு கணக்கைக் கண்ணால் பார்த்துவிட்ட சந்தோஷம்.

செந்தில்முருகன் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தான். "எல்லாம் சரி. காலைல உப்புமாவுக்கு ரவை இருக்கா இல்லியா, அதச் சொல்லு."

அன்றிலிருந்து பிடித்தது வினை. ஒன்பதாம் வகுப்பு, வகுப்பாக இல்லை.

முதலில் மேக்ரூன். வெள்ளைக்கருவையும் சீனியையும் முந்திரிப் பொடியையும் எந்த விகிதத்தில் சேர்த்தால் மேக்ரூன் நிற்கும், எந்த விகிதத்தில் படுத்துவிடும் என்று பிள்ளைகள் நான்கு குழுவாகப் பிரிந்து அடித்துப் பார்த்தார்கள். விகிதம் கணக்கு. நுரை ஏன் நிற்கிறது என்பது அறிவியல். ஆகையால் அறிவியல் டீச்சரையும் கையோடு இழுத்து வந்துவிட்டாள். பக்கத்து பேக்கரிக்காரர் அடுப்பு தந்து உதவினார். இரண்டு குழுவின் மேக்ரூன் நின்றது. ஒரு குழுவினது தோசையாகப் படுத்தது. நான்காவது குழு அடிக்கும்போதே நக்கித் தீர்த்துவிட்டதால் முடிவு தெரியவில்லை. மறுநாள் வகுப்பிலிருந்து தலைமையாசிரியை மேஜை வரைக்கும் எறும்பு சாரி சாரியாகப் போயிற்று. மெட்டில்டா டீச்சர் துடைப்பத்தோடு வந்தபோது, பிள்ளைகள் தரையில் குப்புறப் படுத்து ஸ்கேலும் கையுமாக எறும்பின் வேகத்தைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து கிரேன். பாகைமானியில் நூலைக் கட்டி, நூலில் ஒரு ரப்பரைத் தொங்கவிட்டு, பள்ளிக்கூட மொட்டைமாடியிலிருந்து துறைமுகத்துக் கிரேனின் உயரத்தைக் கண்டுபிடித்தார்கள். செந்தில்முருகன் துறைமுகத்தில் விசாரித்துச் சொன்ன உயரத்துக்கும் இவர்கள் கண்டதற்கும் ஒரு தென்னைமர வித்தியாசம். கிரேன்காரன் பொய் சொல்லுகிறான் என்று வகுப்பு ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. டீச்சரும் அதை நம்பினாள். தாங்கள் ஏறி நிற்கிற கட்டடத்தின் உயரத்தைச் சேர்க்க மறந்துபோனது ஒரு வாரம் கழித்துத்தான் எல்லாருக்கும் உறைத்தது. பாஞ்சாலங்குறிச்சிக்குச் சுற்றுலா போனபோது, சமூக அறிவியல் வாத்தியார் தொண்டையைக் கனைத்துக் கட்டபொம்மனை ஆரம்பிக்கும் முன்பே, இவள் பிள்ளைகளைக் கோட்டைச் சுவரை அளக்க அனுப்பிவிட்டாள். அவர் இன்றுவரைக்கும் இவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மேக்ரூன் டீச்சர் என்று பெயர் விழுந்தது. பிள்ளைகள் செல்லமாகச் சொன்னார்கள். சங்கத்துக்காரர்கள் வேறு மாதிரி சொன்னார்கள்.

சங்கத்துச் செயலாளர் பாண்டித்துரை அண்ணாச்சி. டவுனில் பொரிகடலை மண்டி, பெரிய கை. கோயில் கொடை என்றால் முதல் ஆளாக நிற்பார். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. அவர் காதில் யாரோ ஓதிவிட்டார்கள்: "அடுத்த வருஷம் பத்தாங் கிளாஸ் பப்ளிக் எழுதப்போற பிள்ளைகள், இங்கன முட்டை அடிச்சுக்கிட்டுத் திரியுதுவ." யாரோ என்ன யாரோ, டிக்சன்தான். டவுனில் டியூஷன் சென்டர் நடத்துகிறவன். எந்தக் கேள்வி எந்த வருஷம் வந்தது, இனி எந்த வருஷம் வரும் என்று கிளி ஜோசியக்காரன் மாதிரி சொல்லுவான். பத்தாம் வகுப்புக் கணக்கைத் தன்னிடம் கொடுத்தால் மொத்த வகுப்பையும் நூற்றுக்கு நூறு ஆக்கிக் காட்டுகிறேன் என்று அண்ணாச்சியிடம் வாக்குக் கொடுத்திருந்தான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. முத்துக்கனி வகுப்பு பத்தாம் வகுப்பாயிற்று. தலைமையாசிரியை சந்தனச்செல்வியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

"ஏளா சந்தனம், நல்லாக் கேட்டுக்க. கமிட்டில மூணு பேரு வாராவ. ஒன் கிளாஸ்ல ஒரு பீரியடு ஒக்காந்து பாப்பாவ. பிடிக்கலேன்னா பத்தாங் கிளாஸ டிக்சனுக்குத் தூக்கிக் குடுத்துருவாவ. அன்னிக்கு ஒரு நாளாச்சும் சாக்பீஸும் போர்டுமா நில்லு. ஒன்னக் கும்பிட்டுக் கேக்கேன்."

"போயிருச்சுன்னா என்ன டீச்சர்? வேற கிளாஸ் தருவாவல்லா?" என்று வீராப்பாகக் கேட்டுவிட்டு வெளியே வந்தாள். வீராப்பு கதவோடு நின்றுவிட்டது. வேறு எந்த வகுப்பும் அவளுக்கு வேண்டாம். அந்தப் பிள்ளைகளோடுதான் அவள் முதல்முதலாகக் கணக்குப் படித்தாள். அவர்கள் கேட்ட கேள்விகளில் பாதிக்கு அவளுக்கு இன்னும் பதில் தெரியாது. மூன்று வருகிறது என்று கொட்டிப் பார்த்தாயிற்று. அது ஏன் மூன்றாகத்தான் வந்து தொலைக்கிறது என்று முத்துக்கனி இன்னும் விடாமல் கேட்கிறாள். அதைக் கண்டுபிடிக்காமல் இவர்களை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டுப் போவதா?

சாக்பீஸ், போர்டு என்று இரண்டு நாள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில் ஸ்கூட்டரில் ஒரு பை தூள் உப்பும், தகரத்தில் அடித்த கூம்பும் உருளையும் ஏறிவிட்டன.

கமிட்டி வந்தது. நடுவில் பாண்டித்துரை அண்ணாச்சி. ஒரு பக்கம் பாத்திரக்கடைக்காரர், மறுபக்கம் ஜவுளிக்கடைக்காரர். கடைசி பெஞ்சில் மூன்று பேரும் முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்தார்கள். மேஜைமேல் உப்பைப் பார்த்ததும் மெட்டில்டா டீச்சர் கழுத்திலிருந்த மாதா சுரூபத்தைப் பிடித்துக்கொண்டார்.

"முத்துக்கனி, வந்து ஊத்திக் காட்டு. எத்தனை கூம்பு ஊத்துனா உருளை நெறையுதுன்னு பெரியவங்க பாக்கட்டும்."

முத்துக்கனி வந்தாள். கூம்பை உப்பில் முக்கி எடுத்தாள். "லாபம்" என்று சொல்லிக் கொட்டினாள். வியாபாரி வீட்டில் அளக்கும்போது முதல் அளவை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். கடைசி பெஞ்சில் மூன்று தலையும் திருப்தியாக ஆடின. "ரெண்டு" என்று கொட்டினாள். மூன்றாவது கூம்பைக் கவிழ்க்க ஆரம்பித்ததுமே உருளை நிறைந்துவிட்டது. கூம்பில் பாதிக்குமேல் உப்பு அப்படியே மிச்சம். அது மேஜையில் சிந்தி, தரையில் சிந்தி, தலைமையாசிரியையின் செருப்பிலும் சிந்தியது.

பிள்ளைகள் சிந்தின உப்பையும் கடைசி பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"புத்தகத்துல மூணுன்னு போட்டிருக்காம். ஒங்க வகுப்புல ரெண்டும் கொசுறும் வருதே டீச்சர்" என்றார் பாண்டித்துரை அண்ணாச்சி. குரலில் அவ்வளவு இனிப்பு. "பப்ளிக் பரீச்சைலயும் இப்படித்தான் எழுதுவாளோ?"

சந்தனச்செல்விக்குக் காதெல்லாம் சுட்டது. பத்தாம் வகுப்பு கைவிட்டுப் போவது கண்முன்னால் தெரிந்தது. ஆனால் ஒரு வருஷமாக அந்தப் பிள்ளைகளோடு பழகிய பழக்கம், வாய் தானாகவே கேட்டுவிட்டது: "சரி, மிச்சம் ஏன் வந்துச்சு? யாராச்சும் கண்டுபிடிங்க."

உருளை நசுங்கியிருக்கிறது என்றான் ஒருவன். ஸ்கேலை வைத்துப் பார்த்தார்கள், நசுங்கவில்லை. கூம்பு உயரம் அதிகம் என்றாள் ஒருத்தி. அதுவும் இல்லை. கடைசியில் ஜன்னலோரத்துப் பெண் ஒருத்தி கத்தினாள்: "டீச்சர், இவ தலைதட்டல்ல! கோபுரம் கோபுரமா அள்ளிப் போடுதா!"

எல்லாரும் முத்துக்கனியைப் பார்த்தார்கள். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பின்ன? தலைதட்டிக் குடுத்தா எவன் கடைக்கு வருவான்? எங்கப்பா பாத்தா ஏசுவாவ!"

பாத்திரக்கடைக்காரர் சிரித்துவிட்டார். கடைப் பிள்ளைக்குக் கை அப்படித்தான் போகும். அளவுக்குமேல் ஒரு குவியல் வைக்காவிட்டால் கொடுத்த மாதிரியே இருக்காது. அந்தக் குவியல்தான் மூன்றைத் தின்றுவிட்டது. ஸ்கேலால் வழித்து வழித்து மறுபடியும் கொட்டினாள். லாபம், ரெண்டு, மூணு. உப்பு விளிம்பில் வந்து நின்றது. பிள்ளைகள் பெஞ்சைத் தட்டினார்கள். ஜவுளிக்கடைக்காரர் தன்னை மறந்து எழுந்து வந்து உருளைக்குள் எட்டிப் பார்த்தார். மெட்டில்டா டீச்சர் சுரூபத்தை விட்டுவிட்டு மூச்சு விட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டாளா? சந்தோஷத்தில் இன்னொன்று கேட்டாள். "குவிச்சு அளந்தா எண்ணிக்கை கொறஞ்சுச்சு. அப்ப கொறைச்சு அளந்தா?"

"கூடும்!" என்றது வகுப்பு.

"எவ்வளவு கூடும்? ஒரு உதாரணம் சொல்லுங்க பாப்போம்."

முத்துக்கனி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பொரிகடலைத் தாத்தா கடைல அளந்தா நாலு வரும் டீச்சர். அவுக படிக்குள்ள பெருவெரல விட்டுக்கிட்டுத்தான அளப்பாவ!"

சொல்லி முடித்தபிறகுதான் தாத்தா கடைசி பெஞ்சில் இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. கை வாயைப் பொத்திக்கொண்டது. பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பி அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை, பெருவிரலைப் பார்த்தார்கள். நல்ல தடித்த விரல்தான். பாத்திரக்கடைக்காரருக்கு இருமல் வந்தது. ஜவுளிக்கடைக்காரர் துண்டை வாயில் திணித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். சந்தனச்செல்வி உதட்டைக் கடித்தாள், நகத்தை உள்ளங்கையில் அழுத்தினாள், செத்துப்போன பெரியப்பாவை நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் உதவவில்லை. பக்கென்று சிரித்துவிட்டாள்.

அண்ணாச்சி எழுந்தார். பெருவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி மறைத்துக்கொண்டு, மேஜை வரைக்கும் நடந்து வந்தார்.

"டீச்சர், பத்தாங் கிளாஸ் ஒங்களுக்குத்தான்னு சொல்லிட்டுப் போலாம்னு இருந்தேன். இப்பவும் சொல்லுதேன். அந்தப் பிள்ளைய, நான் சொன்னது தப்பு, நாலு வராதுன்னு சொல்லச் சொல்லுங்க. ஒரு வார்த்தை. அதோட முடிச்சுக்கிடுவோம்."

முத்துக்கனி டீச்சரைப் பார்த்தாள். அவள் சொல்லத் தயாராகத்தான் இருந்தாள், வாயைக்கூடத் திறந்துவிட்டாள். டீச்சருக்காக என்ன வேண்டுமானாலும் சொல்லுவாள். மெட்டில்டா டீச்சர் அண்ணாச்சியின் முதுகுக்குப் பின்னாலிருந்து கை இரண்டையும் கூப்பிக் காட்டினார்.

சந்தனச்செல்விக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தை. ஆனால் வகுப்பே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒங்களச் சொன்னது மரியாதக் கொறச்சல் அண்ணாச்சி. அதுக்கு மன்னிப்பு கேக்கச் சொல்லுதேன், நானும் கேக்கேன். ஆனா நாலு வரும்னது சரியான கணக்கு. அதத் தப்புன்னு சொல்லச் சொல்லிட்டு, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இதுகளுக்குப் பேப்பர் திருத்துவேன்?"

அவ்வளவுதான். திங்கட்கிழமை டிக்சன் பத்தாம் வகுப்புக்குள் நுழைந்தான். சந்தனச்செல்வியை ஒன்றாம் வகுப்புக்குப் போட்டார்கள். பத்தாம் வகுப்பு எடுத்தவளை அ, ஆ எழுதுகிற பிள்ளைகளுக்கு மூக்குத் துடைக்க அனுப்பினால் தானாக வேலையை விட்டுப் போய்விடுவாள் என்பது அண்ணாச்சியின் கணக்கு. அன்று சாயங்காலம் துறைமுகச் சாலையில் ஸ்கூட்டரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அழுதாள். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து, "பெட்ரோல் தீந்து போச்சாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

அவள் வேலையை விடவில்லை. ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தால், பத்தாம் வகுப்பு அத்தனை பெரிய ரௌடி வகுப்பு இல்லை என்று தெரிந்தது. இதுகள் அதைவிட மோசம். எல்லாவற்றுக்கும் ஏன், ஏன் என்றுதான் கேட்டன. யாரும் இன்னும் அதட்டி உட்கார வைத்திருக்கவில்லை போலும். சிரட்டை, டம்ளர், பாட்டில் மூடி, உழக்கு என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவரச் சொன்னாள். பள்ளிக்கூடத்து மணலை அள்ளி அள்ளி அளந்தார்கள். நிறைய எது, குறைய எது, எதில் அதிகம் பிடிக்கும் என்று அளந்து பார்த்துப் பாட்டாகப் பாடினார்கள், படம் வரைந்தார்கள். சட்டைப் பையெல்லாம் மணல். ஒரு மாதம் கழித்து, அழுகிற ஞாபகமே வராமல் வீட்டுக்குப் போகிற நாள்களும் வந்தன. பத்தாம் வகுப்பைத் தாண்டித்தான் தண்ணீர்க் குழாய்க்குப் போக வேண்டும். அங்கே டிக்சன் சொல்லச் சொல்ல எல்லாரும் ஒரே குரலில் ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள். முத்துக்கனியின் குரலும் அதில் கேட்கும். அந்த நேரத்தில் மட்டும் குழாயைத் திறக்காமலே நின்றுவிடுவாள்.

முதல் பெஞ்சில் சண்முகப்ரியா என்று ஒரு குட்டி. முன்பல் இரண்டும் இல்லை. எதை அளந்தாலும் கண்ணைத் தரைமட்டத்துக்குக் கொண்டுபோய், ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்துவிட்டுத்தான் நிறைந்தது என்று ஒப்புக்கொள்ளும். அது பாண்டித்துரை அண்ணாச்சியின் மகன்வழிப் பேத்தி. டீச்சரைத் தண்டித்துத் தன் பேத்தி கையிலேயே கொடுத்திருக்கிறோம் என்று பாவம் அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. சந்தனச்செல்விக்கும் அது தெரியாமலா இருந்தது என்று கேட்டால், நமக்கென்ன தெரியும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். பொரிகடலை மண்டியில் ஊரே நிற்கிறது. கடைக்குக் கடை, லாரிக்கு லாரி, படகுக்குப் படகு பூஜை போட வேண்டுமே, பொரி இல்லாமல் நடக்குமா? அண்ணாச்சியே படியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்று அளந்துகொண்டிருந்தார். லீவுநாள் என்பதால் பேத்தி கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தாள். லாபம், ரெண்டு, மூணு என்று தாத்தா ஓட்டமாக அளக்கிறார். பேத்தி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஸ்டூலிலிருந்து இறங்கி வந்தாள்.

"தாத்தா, வெரல வெளிய எடு."

"சும்மா இரிட்டி செல்லம்."

"அளவுக்குள்ள அளக்குத சாமான்தான் இருக்கணும். வெரல் இருக்கக் கூடாது. வெரல் இருந்தா கொறைய. எங்க மிஸ் சொல்லியிருக்காவ." பல் போன வாயில் எல்லா எழுத்தும் காற்றாக வந்தது. ஆனாலும் தெரு வரைக்கும் கேட்டது. சும்மாவும் விடவில்லை அந்தக் குட்டி. வாங்கி முடித்துப் போக இருந்த ஒரு லாரி டிரைவரின் பையைப் பிடித்து இழுத்து, "மாமா, ஒங்களுக்கும் கொறைய" என்றாள்.

அன்றைக்கு அண்ணாச்சி அளந்ததைப் பார்த்தவர்கள் இப்போதும் சொல்லுவார்கள். பெருவிரலை வானத்தைப் பார்க்க நீட்டிக்கொண்டு, கோபுரம் கோபுரமாக, ராத்திரி கடை அடைக்கும்வரைக்கும் அளந்தாராம். பேத்தி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும், "நெறைய" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

பூஜை லீவு முடிந்து பள்ளி திறந்த அன்றே அண்ணாச்சி தலைமையாசிரியை அறைக்கு வந்துவிட்டார். ஒன்றாம் வகுப்பிலிருந்து சந்தனச்செல்வியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பாவாடைப் பிள்ளை ஒன்று அவள் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தது. மெட்டில்டா டீச்சர் முகத்தில் சிரிப்பை அடக்குகிற கஷ்டம் தெரிந்தது.

"டீச்சர், நாளைலேருந்து பத்தாங் கிளாஸ் நீங்களே எடுங்க" என்றார் அண்ணாச்சி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "டிக்சன்கிட்ட பேசியாச்சு. அந்தப் பெரிய பிள்ளைகள் பரவால்ல. வீட்டுக்குப் போனா செல்போனத்தான் பாக்கும், வாயத் தொறக்காது. இந்த நண்டு சிண்டுகதான்…" மேலே சொல்லாமல் விட்டுவிட்டார்.

சந்தனச்செல்வி மனசுக்குள் கணக்குப் போட்டாள். முத்துக்கனியும் அந்தக் கூட்டமும் மறுபடியும் அவளுக்கே. பரீட்சைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன, அந்த 'ஏன் மூணு'வை உட்கார்ந்து பார்த்துவிடலாம். அழுகை வந்துவிட்டது. அண்ணாச்சி பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று துடைக்காமலே நின்றாள். சேலையைப் பிடித்திருந்த குட்டி நிமிர்ந்து பார்த்து, "ஏன் மிஸ் அழுதிய? ஏன்?" என்றது.

"அப்ப ஒண்ணாங் கிளாஸ்?" என்று கேட்டாள்.

"அதுக்கு வேற ஆளப் பாத்துக்கிடலாம்."

"அது முடியாது அண்ணாச்சி. காலைல பத்தாங் கிளாஸ் எடுக்கேன், மத்தியானம் ஒண்ணாங் கிளாஸும் நாந்தான் எடுப்பேன். ரெண்டையும் குடுக்கதா இருந்தா குடுங்க. இல்லேன்னா நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்."

பாண்டித்துரை அண்ணாச்சி எத்தனையோ பேரத்தைப் பார்த்தவர். எதிராளி இறங்கமாட்டான் என்பது முகத்தைப் பார்த்தாலே அவருக்குத் தெரியும்.

"சரி, ரெண்டையும் எடுத்துக்கோங்க" என்றார். கதவுவரைக்கும் போனவர் நின்றார். "இந்த அளவு, படி, உழக்கு எல்லாம் ஒண்ணாங் கிளாஸ்ல முடிஞ்சிருச்சுல்லா?"

"முடிஞ்சிருச்சு அண்ணாச்சி. அடுத்த வாரம் தராசு."

அண்ணாச்சி திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மெட்டில்டா டீச்சரிடம் கொஞ்சம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அத மட்டும் விட்டுரலாமா டீச்சர்?"

"சிலபஸ்ல இருக்கே அண்ணாச்சி" என்றாள் சந்தனச்செல்வி.